வெளிச்செண்ணெய்: பாக்கெட்டா, செக்கா, சொந்தக் காயா?

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்து வீடுகளில் மளிகைச் சீட்டின் முதல் வரி அரிசி என்றால் இரண்டாவது வரி வெளிச்செண்ணெய், அதாவது தேங்காயெண்ணெய். வடக்கே தேங்காயெண்ணெய் தலைக்குத் தேய்ப்பது. இங்கே அவியலும் துவரனும் மீன் பொரிப்பும் அதில்தான். அதனால் எண்ணெய் விலை ஏறினால் அது நேரே அடுக்களைச் செலவைத்தான் பிடிக்கும். 200 சொச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த லிட்டர் விலை, 2025 ஆடி மாத வாக்கில் 400 ரூபாயைத் தாண்டியது. மாதம் 2 லிட்டர் செலவழிக்கும் நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு அது வருடம் 4,800 ரூபாய்ச் செலவை 9,600 ஆக்கும் ஏற்றம்.

விலை ஏறும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: “நம்ம காயையே ஆட்டினா என்ன?” இல்லாதவர்கள் “கொப்பரை வாங்கி ஆட்டலாமா?” என்பார்கள். இரண்டிலும் லாபம் உண்டு. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அந்த லாபம் இல்லை. எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. தேங்காய்ச் சந்தை வாரத்துக்கு வாரம் ஆடும், ஆகவே உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகள் அவ்வளவாக மாறாது. அவற்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்:

நன்றாக முற்றிய ஒரு காயில் சுமார் 150 கிராம் கொப்பரை.
15 கிலோ கொப்பரைக்குச் சுமார் 100 காய்.
எக்ஸ்பெல்லர் மில்லில் (மோட்டாரில் ஓடும் இரும்பு இயந்திரம்) 100 கிலோ கொப்பரைக்கு 62 கிலோ எண்ணெய், மரச்செக்கில் 57 கிலோ அளவு.
ஒரு லிட்டர் வெளிச்செண்ணெய் 915 கிராம் பக்கம்.

கடைசி வரியில்தான் முதல் பணம் போகிறது. நம் பக்கத்துக் கடைகளில் சில்லறை எண்ணெயைக் கிலோவாகவும், பாக்கெட்டை லிட்டராகவும் விற்கிறார்கள். கிலோ 360 என்பதும் லிட்டர் 340 என்பதும் பக்கத்தில் நின்றால் பாக்கெட் மலிவு போலத் தெரியும். கிலோ 360 என்றால் லிட்டருக்கு சுமார் 329தான், ஆக கிலோவாக வாங்குவதே மலிவு. கவரிலும் இதே கதை. ஒரு லிட்டர் கவரைப் போலவே இருக்கும் கவரில் 850 மில்லி என்று சிறிய எழுத்தில் இருக்கும். 850 மில்லி 299 என்றால் லிட்டர் 352. பையில் போடுவதற்கு முன் கவரின் பின்பக்கம் பார்க்கும் பழக்கம் ஒன்றுக்கே வருடம் 200, 300 ரூபாய் மிஞ்சும்.

இன்னொன்று: கவரில் தேங்காய்ப் படம் பெரிதாக இருக்கும், கீழே ‘கலப்புத் தாவர எண்ணெய்’ என்று இருக்கும். சட்டப்படி கலப்பு எண்ணெயில் ஒவ்வொரு எண்ணெயும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், அக்மார்க் முத்திரையும் வேண்டும். அதாவது தேங்காயெண்ணெய் 20 சதவீதம் மட்டும் இருந்தாலும் படம் தேங்காயாகவே இருக்கலாம். அதை வாங்குவது தவறில்லை, தேங்காயெண்ணெய் விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு. 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, கலப்படம் என்று சொல்லி ஒரே வருடத்தில் பல பிராண்டுகளைக் கேரளத்தில் விற்கத் தடை போட்டது. பிரிட்ஜில் வைத்துப் பார்க்கும் சோதனை எல்லாருக்கும் தெரியும். சுத்தமான எண்ணெய் முழுதாக உறையும், மேலே உறையாமல் நீராக நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் பனங்கொட்டை எண்ணெய், அதாவது பாமாயில் பழத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது, தேங்காயெண்ணெய் மாதிரியே உறைந்துவிடும். அந்தக் கலப்படத்தை பிரிட்ஜ் காட்டிக்கொடுக்காது. சந்தை விலையைவிட 80, 100 ரூபாய் குறைவாக ஒரு கவர் தொங்கினால் சோதனையே வேண்டாம், கொப்பரை விலையைக் கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

அதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ கொப்பரை விலையை ஒன்றரையால் பெருக்குங்கள். அதுதான் ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் இருக்கும் கொப்பரையின் விலை. கொப்பரை 200 என்றால் எண்ணெய் 300-க்குக் கீழே வர வழியில்லை. வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

கொப்பரை வாங்கி ஆட்டினால்

15 கிலோவாகக் கணக்குப் போடுவோம். பெரும்பாலான சிறு மில்களில் ஒரு தடவை ஆட்ட 10 முதல் 15 கிலோவாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் வேறொருவர் கொப்பரையோடு சேர்த்துத்தான் போடுவார்கள். சேர்த்துப் போட்டால் நீங்கள் பார்த்துப் பொறுக்கியதற்கு அர்த்தமே இல்லை.

கொப்பரை கிலோ 200 என்றால் 3,000. ஆட்டுக்கூலி கிலோவுக்கு 12 வீதம் 180. ஆட்டோ 150. புண்ணாக்கு 5 கிலோ திரும்பி வரும், கிலோ 30 வீதம் 150 கழித்துக்கொள்ளலாம். மொத்தம் 3,180. எக்ஸ்பெல்லரில் 9.3 கிலோ எண்ணெய், லிட்டராக 10.2. அடியில் தங்கும் கசடு கழிந்து கையில் 10 லிட்டர். லிட்டர் 318 ரூபாய்.

பாக்கெட் 340 என்றால் மிச்சம் 22 ரூபாய். வருடம் 24 லிட்டருக்கு 528 ரூபாய். அரை நாள் அலைச்சலும் பொறுக்கும் வேலையும் போட்டால் இது பெரிய லாபம் இல்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். ‘மரச்செக்கு’ என்று எழுதிய பாட்டிலை 400 கொடுத்து வாங்கும் வீட்டுக்கோ கதை வேறு. அதே கொப்பரையை மரச்செக்கில் கொடுத்தால் எண்ணெய் குறைவாக வரும், கூலியும் கிலோவுக்கு 15 பக்கம் இருக்கும். 3,225 ரூபாய்க்குச் சுமார் 9.1 லிட்டர், லிட்டர் 354. பாட்டிலுக்கு 46 ரூபாய் மிச்சம். வருடம் 1,100. மில் எண்ணெயே போதும் என்று இறங்கி வந்தால் லிட்டருக்கு 82, வருடம் 1,968. மரச்செக்கு எண்ணெய்க்கு வாசம் கொஞ்சம் கூடுதல், அதை மறுப்பதற்கில்லை. மீன் பொரிக்கிற எண்ணெய்க்கு அந்த வாசம் தேவையா என்பதை அடுக்களை தீர்மானிக்கட்டும்.

ஆகவே கொப்பரை வாங்கி ஆட்டுவது பாக்கெட்டுக்கு மாற்று அல்ல, செக்குப் பாட்டிலுக்கு மாற்று. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் இரண்டு தடவை ஆட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். நம் பக்கம் மாசி தொடங்கி வைகாசி வரை காய் வரத்து அதிகம், வெயிலும் உண்டு, கொப்பரை நன்றாகக் காய்ந்திருக்கும். ஓணம் நெருங்க நெருங்கக் கேரளத்து வாங்கல் கூடி விலை பெரும்பாலும் ஏறும். ஆனியில் மழை பிடித்தபின் வரும் கொப்பரை ஈரம். ஈரக் கொப்பரையில் இரண்டு நஷ்டம்: நீரை எடைபோட்டு வாங்குகிறீர்கள், எண்ணெயும் சீக்கிரம் காறிப்போகும். மத்திய அரசு அறிவிக்கும் ஆதார விலையைப் பார்த்துவிட்டுக் கடையில் வாதாடுபவர்களும் உண்டு. 2025-க்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய் என்று வைத்தார்கள். அது விவசாயிக்கு விலை விழாமல் தாங்கிப் பிடிக்கும் தரைவிலை. வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை அல்ல.

கடையில் கொப்பரை பொறுக்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு துண்டை இரண்டு கையால் மடக்குங்கள். டக்கென்று உடைய வேண்டும், வளைந்தால் ஈரம். உடைந்த இடம் ஒரே நிறமாக இருக்க வேண்டும், நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே காயவில்லை. சுண்ணாம்பு மாதிரிப் பளீர் வெள்ளையாக இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் தீக்குச்சி உரசிய காரம் அடித்தால் கந்தகப் புகை போட்டது. பழுப்பு நிறமும் தேங்காய் வாசமும் உள்ளதே சமையலுக்கு. காங்கேயம் பக்கத்திலிருந்து வரும் சாக்குகளில் மேலே நல்லதும் அடியில் நொறுங்கலும் இருக்கக்கூடும், ஆகவே சாக்கைக் கவிழ்க்கச் சொல்லிப் பார்த்த பிறகே தராசில் ஏற்ற வேண்டும்.

மஞ்சள், பச்சை நிறத்தில் பூஞ்சை இருந்தால் ஒரு துண்டுகூட வேண்டாம். சாம்பல் நிறத்தில் மேலோட்டமாக இருப்பதைத் துடைத்துவிட்டு ஆட்டுபவர்கள் உண்டு, அதுவும் நல்ல பழக்கம் இல்லை. மஞ்சள் பச்சைப் பூஞ்சை விடுவது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. கல்லீரலுக்குக் கெடுதல். துணியில் வடிகட்டினாலோ சூடாக்கினாலோ போகாது. பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், அதை மாட்டுக்கு வைத்தால் பால் வழியாகத் திரும்பி நம் வீட்டுக்கே வரும்.

மில்லில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “அண்ணாச்சி, முந்தின ஆட்டு என்னது?” எள்ளோ கடலையோ ஓடியிருந்தால் இயந்திரத்தில் தங்கிய அந்த எண்ணெய் நம் எண்ணெயோடு சேரும். நமக்கு முன்னால் கொப்பரை ஓடிய நேரம் பார்த்துப் போட வேண்டும். போவதற்கு முந்தின நாள் கொப்பரையை விரல் மொத்தத்துக்கு வெட்டி ஒரு வெயில் காயவைத்துக் கொண்டுபோனால் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். எண்ணெய் வடியும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எடையைப் போட்டுப் பாருங்கள்: 15 கிலோவுக்கு எண்ணெயும் புண்ணாக்கும் சேர்ந்து 14 கிலோவுக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் கொப்பரை ஈரமாக இருந்திருக்கும், அல்லது அடுத்த ஆளின் கணக்கில் போயிருக்கும்.

சொந்தக் காய்

வீட்டுக் கொல்லையில் எட்டுப் பத்துத் தெங்கு நிற்கும் வீடுகளில் எண்ணெய் ‘சும்மா கிடைக்கிறது’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. சும்மா கிடைப்பதில்லை. நீங்கள் ஆட்டும் ஒவ்வொரு காயும் வியாபாரி பணம் கொடுத்து எடுத்திருக்கக்கூடிய காய்.

ஒரு லிட்டருக்குப் பத்துக் காய். உரித்த காய் ஒன்று 550 கிராம் என்றால் ஐந்தரைக் கிலோ. வியாபாரி கிலோ 55 கொடுத்தால் அந்தப் பத்துக் காயின் விலை 302 ரூபாய். 100 காய்க்கு 3,025. அதோடு ஆட்டுக்கூலி 180, ஆட்டோ 150. புண்ணாக்கில் 150, சிரட்டை (கொட்டாங்கச்சி) 12 கிலோ 15 ரூபாய் வீதம் 180 திரும்பி வரும். ஆக 3,025-க்கு 10 லிட்டர். பாக்கெட்டோடு ஒப்பிட்டால் பத்து லிட்டருக்கு 375 ரூபாய் மிச்சம். அதற்காக 100 காய் உடைத்து, ஒரு வாரம் வெயிலுக்கும் நிழலுக்கும் தூக்கிச் சுமந்து, காக்கையும் எலியும் விரட்டி நிற்க வேண்டும். நல்ல காயை விற்று அந்தப் பணத்தில் எண்ணெய் வாங்குவதே மேல்.

லாபம் எங்கே என்றால், வியாபாரி தள்ளிவிடும் காயில். ஒவ்வொரு வெட்டிலும் சிறுத்தது, கீறியது, ஒருபக்கம் கோணியது என்று ஒரு குவியல் ஒதுக்கப்படும். அதைக் கிலோ 30-க்குக் கேட்பார்கள், அல்லது பத்துக் காயை ‘சேர்த்துப் போடுங்க’ என்று இலவசமாகவே கேட்பார்கள். அந்தக் குவியலில் 55 கிலோ சேர்ந்ததும் ஆட்டினால், கொப்பரை 13 கிலோவாகக் குறைந்தாலும் எண்ணெய் எட்டரை லிட்டர் வரும். காயின் விலை 1,650. மற்ற வரவு செலவு எல்லாம் கூட்டிக் கழித்தால் லிட்டர் 194 ரூபாய்தான். 340 எங்கே, 194 எங்கே. சொந்தக் காய் ஆட்டுவதில் காசு இருப்பது இந்த ஒரு இடத்தில். முளைவிட்டு உள்ளே பூ வைத்த காயை மட்டும் சேர்க்க வேண்டாம். முளை வளர வளரப் பருப்பிலிருக்கும் எண்ணெயைத்தான் அது தின்கிறது. பூவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

உலர்த்தத் தெரியாமல் கெடுப்பதுதான் இந்த வழியில் பெரிய நஷ்டம், ஆகவே கொஞ்சம் விவரமாக.

வெட்டிய காயை உடனே உரிக்காமல் கதம்பையோடு, அதாவது நார் மட்டையோடு, ஒரு மாதம் நிழலில் போட்டுவைத்தால் நீர் வற்றிப் பருப்பு தடிக்கும். உடைப்பதைக் காலை ஏழு, எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். உடைத்த மூடியில் பாதிக்குப் பாதி நீர். முதல் நாள் வெயில் முழுதாகக் கிடைக்காவிட்டால் பருப்பின் மேல் வழுவழுப்புப் பிடித்துவிடும், பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் அந்தக் கொப்பரையின் எண்ணெய் மஞ்சளாகவே வரும். அதனால் வானம் மூட்டமாக இருந்தால் அன்றைக்கு உடைக்கவே கூடாது. ஆள் வந்துவிட்டார் என்பதற்காக உடைத்துவிட்டுப் பிறகு வானத்தைப் பார்ப்பது நம் வழக்கம்.

மூடியை வெள்ளைப் பக்கம் மேலாகத் தரையில் நேரடியாக வைக்காமல் சாக்கிலோ ஓலைப்பாயிலோ பரப்புங்கள். சாயங்காலம் நாலரைக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பகலில் போன நீர் திரும்பிவிடும். உள்ளே குவியலாகப் போடக் கூடாது, குவித்தால் நடுவில் வெக்கை பிடித்துப் பூஞ்சை பூக்கும். இரண்டாம் நாள் கடைசியில் பருப்பு சிரட்டையிலிருந்து விளிம்பு விட்டுக் கிளம்பும். அப்போது கத்தி முனையால் நெம்பினால் முழுதாக வரும். அதற்கு முன் நோண்டினால் துண்டு துண்டாக உடைந்து, உடைந்த இடமெல்லாம் பூஞ்சைக்கு வாசல். பிறகு இன்னும் நான்கைந்து வெயில். ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை, முன்சொன்ன டக்தான் அளவுகோல்.

நடுவில் மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே வேர்த்துவிடும். திண்ணையில் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள். இரண்டு நாள் வெயில் வரவில்லை என்றால் சிரட்டைக் கனலுக்கு மேல் மூன்றடி உயரத்தில் கம்பி வலைப் பரணில் காயவைக்கலாம். புகை அடங்கிய கனலாக இருக்க வேண்டும், புகை பட்டால் அந்த வாடை எண்ணெயில் கடைசி வரை நிற்கும். இடவப்பாதியிலும் துலா மழையிலும், அதாவது ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும், இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே சிக்கனம்.

தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் குழந்தைக்குத் தேய்க்க நல்லது. சமையலுக்கு அது கணக்கே இல்லை. காயும் கூடுதல், கேஸும் கூடுதல்.

ரேஷன் கார்டு

தமிழ்நாட்டு அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். பப்படம், வடை, மீன் பொரிப்பை அதற்கு மாற்றினால் மாதம் 2 லிட்டர் வெளிச்செண்ணெய் ஒன்றேகாலுக்கு வந்துவிடும். முக்கால் லிட்டர் குறைந்தால் 255 ரூபாய் மிச்சம், பாமாயிலுக்கு 25 போக 230. வருடம் 2,760 ரூபாய். செக்கு, மில், சொந்தக் காய் எல்லாவற்றையும் விட இதில்தான் அதிகம் மிஞ்சுகிறது, வியர்வையும் இல்லை. தாளிப்பும் அவியலுக்கு மேலே ஊற்றும் பச்சை எண்ணெயும் வெளிச்செண்ணெயாகவே இருக்கட்டும், ருசி அங்கேதான் தெரியும். பாறசாலைப் பக்கம் கேரள அட்டை வைத்திருப்பவர்களுக்கு கேரள அரசின் சப்ளைகோ கடைகளில் சபரி எண்ணெய் சலுகை விலையில் கிடைக்கும், அளவு கட்டுப்பாடு உண்டு. சரக்கு வந்த முதல் நாட்களில் போக வேண்டும்.

வாங்கிய எண்ணெயை வைத்திருப்பது

மில்லிலிருந்து வந்த எண்ணெய் கலங்கலாக இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் வாயை மெல்லிய துணியால் கட்டி ஒரு பகல் இளவெயிலில் வைத்து, பிறகு மூன்று நாள் அசைக்காமல் உள்ளே வைத்தால் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுக்க வேண்டும். கசடோடு ஊற்றிவைத்தால் இரண்டு மாதத்தில் காறல். அந்தக் கசடு எண்ணெயை முதல் வாரமே பொரிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். தெளிந்தது ஈரமில்லாத பாட்டில்களில் கழுத்து வரை நிறைத்து இருட்டில் வைத்தால் ஆறு மாதம் நிற்கும். பாதி காலியான பெரிய கேனில் காற்றும் நிறைய, காறலும் விரைவு. பழைய பெயின்ட் கேன், பழைய எண்ணெயின் பிசுக்குள்ள கேன் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மொத்தமாக எண்ணெய் வைக்கும் வீடுகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 10 லிட்டர் கேன் அடுப்படியில் நின்றால் கை தாராளமாகும். இரண்டு லிட்டர் செலவான மாதம் இரண்டே முக்கால் ஆகிவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் கரைந்துபோகும். கேனை மாடியிலோ அலமாரியிலோ வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அரை லிட்டர் பாட்டில் ஒன்றை மட்டும் நிரப்பி அடுப்படியில் வையுங்கள். வெள்ளிக்கிழமை தீர்ந்தால் அந்த வாரம் எங்கே போனது என்று அன்றைக்கே தெரியும். மொத்தமாக 3,000 ரூபாய் புரட்டுவது கஷ்டம் என்றால் பக்கத்து வீட்டோடு பாதிப் பாதி சேர்ந்து ஒரு ஆட்டுப் போடலாம். பங்கை எண்ணெய் தெளிந்த பிறகு பிரியுங்கள். மில்லிலேயே பிரித்தால் ஒரு வீட்டுக்கு எண்ணெயும் ஒரு வீட்டுக்குக் கசடும் போய்ச் சேரும்.